அதுல ஒண்ணும் இல்ல

இறங்கிவிட்டது என்கிறது திரை. திரை சொன்னால் ஆயிற்றா? நேற்று மத்தியானத்திலிருந்து ஊர்ந்துகொண்டிருந்த கோப்பு, நான் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வருவதற்குள் மளமளவென்று முடிந்துபோனதென்றால் அதில் ஏதோ இருக்கிறது. பாதியை முழுங்கியிருக்கும், இல்லாவிட்டால் கூடவே வேறு எதையாவது இழுத்துக்கொண்டு வந்திருக்கும். பெயராவது பெயர் மாதிரி இருக்கிறதா, எண்ணும் புள்ளியும் அடிக்கோடுமாக நீண்டுகொண்டே போகிறது. செத்துக் கிடக்கிற இவருடைய லேப்டாப்பை என் லேப்டாப்போடு கேபிளில் கோத்து, இந்தக் கோப்பை அதற்குள் இறக்கினால் அது எழுந்து உட்காருமாம். பெர்சிஸ் சொன்னாள். விருதுநகரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற பெண். கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழியும் அனுப்பியிருக்கிறாள்: எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீள வரி, கோப்பிலிருந்து கிடைக்கிற வரி அதோடு அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும். வேறு யாராக இருந்தாலும் முதலில் நாலு, கடைசியில் நாலு பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். நான் அளவுகோலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பொருந்துகிறது. எனக்கு லேசாக ஏமாற்றம்கூட வந்தது. என்ன செய்ய, பிழை இல்லை என்றால் கை ஓடுவதில்லை எனக்கு. சிவகாசியில் காலண்டர் போடுகிற வீட்டில் ஒரு ஆளாவது சந்தேகப்பிராணியாக இருந்தாக வேண்டும். இவர் வரைவார், நான் மெய்ப்புப் பார்ப்பேன். அமாவாசை ஒரு கட்டம் தள்ளி விழுந்தாலோ, கரிநாளில் முகூர்த்தம் என்று அச்சாகிவிட்டாலோ, அந்தத் தப்பு வருசம் முழுக்க ஊர்பட்ட வீடுகளில் ஆணியில் தொங்கும். அச்சகத்துக்காரர்கள் இந்தச் சண்முகக்கனி கையெழுத்து இல்லாமல் மெஷினை ஓட்ட மாட்டார்கள். இத்தனை வருசத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், ‘அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்’ என்று எந்தப் பக்கத்தைப் பற்றி ஒருவர் சொல்கிறாரோ அந்தப் பக்கத்தில்தான் பிழை உட்கார்ந்திருக்கும். ‘அதுல ஒண்ணும் இல்ல’ என்று சொன்னாலோ கேட்கவே வேண்டாம்.

அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார் நேற்று ராத்திரி. தோள்பையை மாட்டிக்கொண்டு, காலண்டர் மாதிரிகளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எறணாகுளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துச் சொன்னார். “கனி, கோப்பு இறங்குனதும் ரெஸ்டோர் குடுத்துரு. எல்லாம் அழிஞ்சு புதுசா வரும், வரட்டும். அதுல ஒண்ணும் இல்ல.” காலண்டர் வேலை எல்லாம் என் லேப்டாப்பிலும் இருக்கிறது, அச்சகத்திலும் இருக்கிறது, அது எனக்கே தெரியும். அதை இவர் சொன்னால் புரிந்துகொள்வேன். ‘வேலையெல்லாம் பத்திரமா இருக்கு’ என்று சொல்ல வேண்டிய மனுசர் ‘அதுல ஒண்ணும் இல்ல’ என்கிறார். அதுவும் ஒரு தடவை சொல்லி விடவில்லை, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, மறந்துவைத்த குடையை எடுக்கிற சாக்கில் இன்னொரு தடவை. “ஒண்ணும் இல்ல கனி, சும்மா பழைய குப்பை.” குப்பைக்காகவா ராத்திரி ராத்திரி உட்கார்ந்திருந்தார்? ரெண்டு வருசம் இருக்குமா, கூடவே இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவியதும் அந்த அறைக்குப் போய்விடுவார். நான் காபியோடு போனால் மூடி படக்கென்று சாயும். கோபமாக மூட மாட்டார், மெல்ல, ஏதோ தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி மூடுவார், அதுதான் எனக்கு இன்னும் எரியும். “என்ன அது, மூடுறீங்களே?” என்றால் சிரிப்பார். சிரித்துவிட்டு, “திரும்பச் சொல்லு” என்பார். காது கேட்காத மாதிரி. நானும் பைத்தியக்காரி போலத் திரும்பச் சொல்லுவேன், இன்னும் சத்தமாக. “என்ன அது, மூடுறீங்களே?” தலையாட்டிக்கொள்வார். பதில் வராது. ஒரு கேள்வியை ரெண்டு தடவை கேட்க வைத்து ரெண்டு தடவையும் பதில் சொல்லாமல் விடுவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்.

குக்கர் ஒரு விசில் விட்டது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தால் வேறு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயமாக இருந்தது, பருப்பு குழையட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். காலையில் பெர்சிஸ் போன் பண்ணியபோதுகூட நான் இதே இடத்தில்தான் இருந்தேன். குரல் சின்னக் குரல், தேன் ஊற்றினாற்போல. இவருடைய போனில் இந்தக் குரலை நேற்று முழுக்கக் கேட்டேன். “அக்கா, சாருக்குப் போட்டேன், மலையில போறாரு போல, சிக்னல் இல்ல. நேத்து சார்கிட்ட இனிமே எடுக்க முடியாது, அழிச்சாத்தான் உண்டுன்னு சொல்லிட்டேன்க்கா. ஆனா இது புதுக் கோப்பு. நீங்க ரெஸ்டோர் போடாம முதல்ல ரிவைவ் போட்டுப் பாருங்க. ரிவைவ்னா அடியில இருக்கறத மட்டும் சரி பண்ணும், உள்ள வச்சிருக்கறது எல்லாம் அப்படியே இருக்கும். ரெஸ்டோர்னா சுத்தமாத் தொடச்சிரும்.” நான் சொன்னேன், “அவரு அதுல ஒண்ணும் இல்லன்னாரேம்மா.”  “ஒண்ணும் இல்லயா? எப்படியாச்சும் உள்ள இருக்கறத எடுத்துக் குடும்மான்னு அவ்வளவு கெஞ்சுனாருக்கா. குரலே ஒரு மாதிரி ஆயிருச்சு. அதான் எனக்கு மனசு கேக்கல” என்றாள். போனை வைத்ததிலிருந்து இது ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. எப்படியாவது எடுத்துக் கொடு என்று அவளிடம். ஒண்ணும் இல்ல என்று என்னிடம். ஊரான் வீட்டுப் பெண்ணிடம் குரல் ஒரு மாதிரி ஆகிறது, கட்டினவளிடம் செருப்பைப் பார்த்துப் பேச்சு. உள்ளே இருக்கிற எதுவோ அவளுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாது. அதை எடுக்க முடியாது என்று ஆனதும் அழித்துவிடு என்கிறார், அதுவும் என் கையாலேயே. போட்டோவாக இருக்குமா, கடிதமாக இருக்குமா? இந்த வயசில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? காலண்டர் படத்துக்கு நிற்க வைத்த பெண்களில் யாராவது? அந்தத் தென்காசிப் பெண், கையில் விளக்கோடு நின்றதே. அவள் கண்ணுக்கு மை தீட்டச் சொல்லி இவர் எவ்வளவு நேரம் செலவழித்தார். பெர்சிஸாகவே இருந்தால்? அவளாக இருந்தால் அவள் ஏன் என்னிடம் உளறுகிறாள், அழித்துத் தொலையுங்கள் என்றல்லவா சொல்லுவாள். இதெல்லாம் யோசிக்கத் தெரியாமல் இல்லை எனக்கு. யோசித்தால் மட்டும் நின்றுவிடுகிறதா.

சும்மா ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இவ்வளவும் கோட்டை கட்டவில்லை, கையில் சாட்சி இருக்கிறது. இன்று காலை பெருக்கும்போது இவர் மேசைக்கடியில் குப்பைக்கூடையில் கிடந்தது. கசக்கிய டிஷ்யூ காகிதம், பிரித்துப் பார்த்தால் அங்கங்கே கறை, சிவப்பும் இல்லை ஆரஞ்சும் இல்லை, செங்கல்லை இழைத்த மாதிரி ஒரு நிறம். உதட்டைத் துடைத்தால்தான் இப்படித் திட்டுத் திட்டாக வரும். இந்த வீட்டில் உதட்டுக்குச் சாயம் பூசுகிற ஆள் கிடையாது. பக்கத்திலேயே ரெண்டு மூன்று பல்குச்சி வேறு, முனை மழுங்கி. நேற்று இவர் மத்தியானம் வீட்டில் சாப்பிடவில்லை. பசியில்லை என்று தட்டை நகர்த்தினார், வெளியே எங்கேயோ தின்றுவிட்டுப் பல் குத்தியிருக்கிறார். அந்த டிஷ்யூவை நான் எறியவில்லை. மடித்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், வரட்டும் என்று. அதோடு இன்னொன்றும் இருக்கிறது, அது பெர்சிஸுக்கே பதில் தெரியாதது. இந்த லேப்டாப் எப்படிச் செத்தது? ஆயுத பூஜையன்று ராத்திரி செத்தது. அன்றைக்கு யாரும் எதையும் தொடக்கூடாது. அவருடைய லேப்டாப், என்னுடைய லேப்டாப், என் சிவப்புப் பேனா, அளவுகோல், காகிதம் வெட்டுகிற கத்தி, எல்லாவற்றையும் அந்த மேசையிலேயே வரிசையாக வைத்து, துடைத்து, பூ வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்துக் கும்பிட்டோம். கும்பிட்ட பிறகு மறுநாள் காலை திரும்பக் கற்பூரம் காட்டுகிற வரைக்கும் ஆயுதத்துக்கு ஓய்வு. பேனாவை எடுத்து ஒரு பால் கணக்கு எழுதுவதுகூடக் கிடையாது. மறுநாள் இவர் மூடியைத் திறக்கிறார், கருப்பு. அழுத்தினார், நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு ஆச்சரியக்குறி, அவ்வளவுதான். “ராத்திரி தானாவே அப்டேட் ஆயிருக்கும்க்கா, பாதியில சார்ஜ் இறங்கிப் போயிருக்கும்” என்கிறாள் பெர்சிஸ். சார்ஜர் போட்டுத்தானே இருந்தது! பூஜை முடிந்ததும் இவர்தான் செருகினார், என் கண்ணால் பார்த்தேன். செருகியிருந்த சார்ஜர் இருக்க, சார்ஜ் எப்படி இறங்கும்? அன்று ராத்திரி இவர் எழுந்தார். தண்ணீர் குடிக்க என்றார். தண்ணீர் குடிக்க அந்த அறைக்கா போக வேண்டும்? சாமிக்கு வைத்ததைக்கூடத் தொடாமல் இருக்க முடியாத அளவுக்கு உள்ளே ஏதோ இருந்திருக்கிறது. தொட்டார், பிடுங்கினார், செத்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, கோத்துப் பார்த்தால் மாலையாக வருகிறது. எங்கேயோ தூரத்தில் பட்டாசு ஆலையில் சோதனைக்கு வெடிக்கிறார்கள், ஒவ்வொரு வெடிக்கும் என் நெஞ்சு தனியாக ஒரு தரம் தூக்கிப் போடுகிறது.

சரி, செய்துவிட வேண்டியதுதான். கேபிளை என் லேப்டாப்பில் செருகி, மறுமுனையை அதனுடைய இடப்பக்கத்து ஓட்டையில் செருகினேன். வலப்பக்கம் செருகினால் வராது, இடப்பக்கம்தான் என்று பெர்சிஸ் படித்துப் படித்துச் சொன்னாள். இடது கையால் ரெண்டு பொத்தான், வலது கையால் ஒன்று, அதோடு பவர் பொத்தான், எல்லாம் ஒரே சமயத்தில். எனக்கு விரல் எட்டவில்லை, ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி கையை விரித்துக்கொண்டு குனிந்திருந்தேன். திரும்பத் திரும்பச் செய்து ஒருவழியாக என் திரையில் ஒரு பெட்டி வந்தது. அந்தப் பக்கம் இவருடைய திரை கருப்பாகவேதான் இருக்கிறது, ஆனாலும் உள்ளே மூச்சு இருக்கிறது என்று அர்த்தமாம். பெட்டியில் ரெண்டே பொத்தான், ரிவைவ், ரெஸ்டோர். இவர் சொன்னது ஒன்று, பெர்சிஸ் சொன்னது ஒன்று.  ரெஸ்டோர் கொடுத்தால் என்ன? அழிந்துபோகும். அவர் சொன்னபடி செய்தேன் என்று இருந்துவிடலாம். என்ன இருந்தது என்று தெரியாமலேயே இன்னும் இருபது வருசம் இதே வீட்டில் இவருக்குக் காபி போட்டுக்கொடுக்கலாம். தெரியாமல் இருக்க முடிந்த பெண்கள் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள், என் தங்கை அப்படித்தான், மாப்பிள்ளை சட்டைப்பையில் கையே விட மாட்டாள், முகம் மழமழவென்று இருக்கும். ரிவைவ் கொடுத்தால்? கொடுத்தால் எல்லாம் இருக்கும். இருந்தால் நான் பார்ப்பேன். பார்க்க மாட்டேன் என்று சொல்ல நான் யார், எனக்கு என்னைத் தெரியாதா. அவருடைய பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். காபி டம்ளரை வைக்கிற சாக்கில் விரல் போகிற போக்கைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், பத்திரகாளியம்மன் பெயரும் நாங்கள் கல்யாணம் முடித்த வருசமும். இதுவரைக்கும் ஒருநாளும் போட்டுத் திறந்ததில்லை. திறந்துவிட்டால் அப்புறம் மூடுவது என்பது கிடையாது என்று ஒரு பயம். உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகு நான் எங்கே போவேன்? இந்த வீடு, இந்த மேசை, இந்தச் சிவப்புப் பேனா, எல்லாம் இவரைச் சுற்றித்தானே கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ரிவைவை அழுத்தினேன். கோப்பு எது என்று கேட்டது. காட்டினேன்.

பட்டை நகர்ந்தது. ஒரு ஓரமாக ஆரம்பித்து நடுவரைக்கும் வந்தது. நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன். நடுவில் நின்றது. நின்றது நின்றதுதான், பிறகு பெட்டியே காணாமல் போய், தொடர்பு அறுந்துவிட்டது என்று ஒரு வரி. நேற்றுப் பழைய கோப்பைப் போட்டபோது இவருக்கும் இதே இடத்தில்தான் நின்றது, அடுப்படியிலிருந்து பார்த்தேன், தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படியென்றால் கோப்பு மேல் குற்றமில்லை. கோப்பை எழுத்தெழுத்தாகப் பார்த்தாயிற்று. கேபிள்? என் கேபிள், தினமும் ஓடுகிறது. அறுந்துவிட்டது என்றால் எங்கே அறுந்தது? இதில் மட்டும் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை, அச்சில் ஒரு எழுத்து விழவில்லை என்றால் மையையும் பார்ப்பேன், காகிதத்தையும் பார்ப்பேன், தகட்டையும் பார்ப்பேன். கேபிளை லேசாக அசைத்தேன். ஆடியது. என்னுடையதில் கிண்ணென்று நிற்கிற கேபிள் அவருடைய ஓட்டையில் முழுசாக உள்ளே போகாமல் நகக்கண் அளவு வெளியே நிற்கிறது. பிடுங்கினேன். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓட்டைக்குள் பார்த்தேன். உள்ளே ஆழத்தில் ஏதோ அப்பியிருக்கிறது. இவருடைய மேசையிலேயே பல்குச்சி டப்பா இருந்தது, அது ஏன் அடுப்படியில் இல்லாமல் இங்கே இருக்கிறது என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஒன்றை எடுத்து மெல்லச் சுரண்டினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. டிஷ்யூவில் தட்டித் துடைத்தேன். செங்கல்லை இழைத்த மாதிரி ஒரு நிறம்.

இழுப்பறையைத் திறந்து அந்த மடித்த டிஷ்யூவை எடுத்துப் பக்கத்தில் விரித்தேன். ரெண்டும் ஒன்று. மூக்கில் வைத்தேன், சந்தனம். சந்தனமும் அதன் மேல் குங்குமமும் குழைந்து காய்ந்தால் வருகிற நிறம், வருசா வருசம் என் விரல் நுனியில் ரெண்டு நாள் ஒட்டிக்கொண்டிருக்கிற நிறம், எனக்குத் தெரியாமல் போயிற்றே. மூடி மேல வைக்காத கனி, காஞ்சா கோடு விழுகுது என்று இவர் போன வருசமே சொன்னார். அதனால்தான் இந்தத் தடவை மூடியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் இட்டேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, தாராளமாகவே இட்டேன், சாமி காரியத்தில் என்ன கஞ்சத்தனம் என்று. கும்பிட்டு முடித்ததும் இவர் சார்ஜரை எடுத்து ஈரச் சந்தனத்தோடு வலப்பக்கத்து ஓட்டையில் செருகினார். செருகினது செருகின மாதிரி இருந்தது, ஒரு சொட்டு கரண்ட் உள்ளே போகவில்லை. யாரும் ராத்திரி தொடவில்லை. இவர் தண்ணீர்தான் குடித்தார். நேற்று மத்தியானம், தட்டை நகர்த்திவிட்டு வந்து, இங்கே உட்கார்ந்து வலப்பக்கத்தைப் பல்குச்சியால் சுரண்டியிருக்கிறார். டிஷ்யூவில் துடைத்திருக்கிறார். நிறத்தைப் பார்த்திருக்கிறார். வரைகிற ஆளுக்கு நிறம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். யார் விரல் என்பதும் தெரிந்திருக்கும். பெர்சிஸ் முடியாது என்று சொல்லிவிட்டாள், உள்ளே இருந்தது போனது போனதுதான், போக்கியது கனிதான். அதற்கப்புறம்தான் வாசலில் நின்றுகொண்டு செருப்பைப் பார்த்துச் சொன்னார். அதுல ஒண்ணும் இல்ல. தெருமுனையிலிருந்து திரும்பி வந்து சொன்னார். சும்மா பழைய குப்பை. நான் அதை எடுத்து வைத்துக்கொண்டு என்னவெல்லாம் கோத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படியில் பருப்பு அடிப்பிடிக்கிற வாடை வந்தது, ஓடிப்போய் அணைத்துவிட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்து இடப்பக்கத்து ஓட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சுத்தம் செய்தேன். கேபிள் இந்தத் தடவை கிண்ணென்று உட்கார்ந்தது. மறுபடி ஆர்மோனியம், மறுபடி பெட்டி, மறுபடி ரிவைவ். பட்டை நடுவரைக்கும் வந்தது. பத்திரகாளி, நின்றுவிடாதே. உன் பேரில் இட்ட சந்தனம்தானே. நடுவைத் தாண்டியது. தாண்டுகிறபோது நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன், பக்கத்து வீட்டு மதினி ஜன்னலில் எட்டி, “என்ன கனி, என்னமும் உடைஞ்சிருச்சா?” என்று கேட்டாள். ஒண்ணும் இல்ல என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை. பட்டை முடிந்தது. இவருடைய திரையில் வெளிச்சம் வந்தது, பிறகு இவருடைய படம், அதன் கீழே பாஸ்வேர்ட் கேட்கிற கட்டம். இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் நான் நல்லவள் என்று எனக்கே ஒரு பேர் கிடைத்திருக்கும். ஆனால் உள்ளே எல்லாம் பிழைத்திருக்கிறதா என்று பார்க்காமல் எப்படி விடுவது, பெட்டி வந்துவிட்டது என்பதற்காகப் பொருள் வந்துவிட்டது என்று அர்த்தமா? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மன் பெயரையும் எங்கள் வருசத்தையும் தட்டினேன். திறந்தது. பூஜைக்கு முந்தி எது எது திறந்திருந்ததோ அதெல்லாம் தானாக ஒவ்வொன்றாக எழுந்து வந்து நின்றது.

எழுத்து. கட்டம் கட்டமாக, அ முதல் வரிசையாக, கம்ப்யூட்டரில் அடிப்பதற்கென்று இவரே வரைந்த எழுத்து. எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு தலைப்பை இவர் கையாலேயே எழுதிக்கொண்டுவந்து ஆசையாகக் காட்டினார், நான் சிவப்புப் பேனாவால் சுழித்து, “இந்த ‘ற’ காலை ஒடிச்சுக்கிட்ட மாதிரி நிக்குது” என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நின்றது. அதற்கப்புறம் இவர் பாதி வேலையை என்னிடம் காட்டியதே இல்லை. இதோ இந்த ‘ற’ நிற்கிறது, ரெண்டு காலையும் ஊன்றி, ஒரு குறை சொல்ல முடியாமல். கீழே இன்னொரு பெட்டி. செய்த எழுத்தெல்லாம் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு வரி வரியாக அடித்து வைத்திருக்கிறார், பெரிசாக, நடுத்தரமாக, பொடியாக. மெய்ப்புப் பார்க்கிற பழக்கத்தில் வாய்விட்டுப் படித்தேன். யாரு போன்ல? என்ன அது, மூடுறீங்களே? சிரிச்சிட்டே வர்றீங்க, என்ன விசயம்? சாப்பிட்டீங்களா, நெசமாவா? ஏன் இவ்வளவு நேரம்? பஸ் கிடைக்கலயா, கிடைச்சும் ஏறலயா? பக்கம் பக்கமாக. நான் எப்போது கேட்டேன் என்பதுகூட மறந்துபோன கேள்விகள். ஒவ்வொன்றும் நான் சொல்கிற மாதிரியே, எங்கே இழுப்பேனோ அங்கே இழுத்து, எங்கே வெட்டுவேனோ அங்கே வெட்டி. என் வாயில் முள்ளாக வந்ததெல்லாம் இங்கே அவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. கடைசி வரி மட்டும் முடியவில்லை, எங்க இருக்கீங்க என்று இருக்கிறது, அதில் ‘கீ’ நிரம்பாமல் வெறும் கோடாக, வளைவுக்கு வளைவு புள்ளி வைத்தபடி நிற்கிறது. பூஜைக்காக மூடி வைத்த இடம்.

போன் அடித்தது. இவர்தான். “கனி, போட்டுட்டியா?” என்றார், ஒன்றுமில்லாத குரலில், அந்தக் குரலைப் பிடித்து நிறுத்த இவர் படுகிற பாடு எனக்கு இங்கே கேட்டது. “ரெஸ்டோர் போடல” என்றேன். “ஏன்?” என்றார். பெர்சிஸ் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். “அதுல ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்கள்ல, அதான் சந்தேகம் வந்துருச்சு. இடப்பக்கமும் சந்தனம் அடைச்சிருந்துச்சு, நீங்க வலப்பக்கம்தான் எடுத்துருக்கீங்க. எடுத்துட்டு ரிவைவ் போட்டேன். எல்லாம் இருக்கு. திறந்து பாத்துட்டேன்.” அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கோபமா, அழுகையா, சிரிப்பா, ஒன்றும் தெரியவில்லை.  “எல்லாம்னா?” என்றார். “எல்லாம்தான். ‘ற’ நல்லாருக்கு” என்றேன். இவர் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தாங்கவில்லை, இத்தனை வருசமாக இந்த மனுசர் பேசாமல் இருந்தால் என் வாயில் என்ன வருமோ அதுவே வந்தது. “எங்க இருக்கீங்க?” பின்னால் பஸ் சத்தம் கேட்கிறதா என்று காது பாட்டுக்குத் தானாகத் தேடியது, நான் என்ன செய்ய. கேட்டது. மலையாளத்தில் யாரோ ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். 

“திரும்பச் சொல்லு” என்றார் இவர்.

திரையில் அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.